எம்மேப் லாக் மட்டும் போதவில்லை

எங்கள் லினக்ஸ் டிரைவர் ஒன்று பேஜ் டேபிளை (மெமரி முகவரியை ராமில் உள்ள இடத்தோடு இணைக்கும் அடுக்கு அட்டவணை) தானே இறங்கிப் படிக்கும். 6.6 கெர்னலுக்கு மாறியதும் லோடு ஏறும்போது மட்டும் நல் (எதையும் சுட்டாத, வெற்று) பாயின்டரில் விழ ஆரம்பித்தது. முதலில் ராம் மேல் சந்தேகப்பட்டு ஸ்டிக்கை மாற்றினேன், வீண் செலவு.

ப்ராசஸின் மெமரி அமைப்பைக் காக்கும் எம்மேப் லாக்கை ரீட் முறையில் பிடித்திருக்கிறோமே, போதாதா? போதாது. ஷேர்டு மெமரியில் 4 கேபி பக்கங்கள் 512-ஐ ஒரே 2 எம்பி பக்கமாகச் சேர்க்கும் கெர்னல் திரெட், இப்போது அந்த லாக்கைக் கேட்காமலே அடிமட்ட டேபிளை உருவிவிடுகிறது. அப்போது, அந்த டேபிளில் பதிவு இருக்கும் இடத்தைத் தரும் பிடிஇ_ஆஃப்செட்_மேப் ஃபங்ஷன் நல் தரும். நாங்கள் அதைச் சோதிக்கவே இல்லை.

சரி என்று, டேபிளின் ஸ்பின்லாக்கையும் சேர்த்துப் பிடிக்கும் பிடிஇ_ஆஃப்செட்_மேப்_லாக் போட்டேன். நல் வந்தால் ஒரு அடுக்கு மேலே உள்ள பிஎம்டியிலிருந்து மறுபடி படிக்கும். அப்புறம் இன்னொரு வார்னிங்: ஸ்பின்லாக்குக்குள் காப்பி_டு_யூசர் (யூசர் ப்ரோகிராமின் மெமரிக்கு நகலெடுப்பது)! அது தூங்கக்கூடியது, ஸ்பின்லாக்கைப் பிடித்துக்கொண்டு தூங்கக் கூடாது. மதிப்புகளை அர்ரேயில் எடுத்து, லாக்கை விட்டபின் காப்பி செய்தேன், அதோடு நின்றது.