பாப்பாவுக்குப் பாவாடை, சொப்பு, ஒரு மூலை

என் மகளின் முதல் பிறந்தநாள் அக்னி நட்சத்திரத்தில் வந்தது. பெரிய கடை ஒன்றில் ரோஸ் நிற நெட் ஃப்ராக் வாங்கியிருந்தேன். உள்ளே உப்பலாக நிற்க விறைப்பான கேன்கேன் வலை, மேலே சமிக்கி. போட்டோவில் நன்றாகத்தான் விழுந்தாள். கேக் வெட்டுவதற்குள் வீறிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். உள்ளே தூக்கிப்போய்க் கழற்றினால் கழுத்தைச் சுற்றியும் அக்குளிலும் வேர்க்குரு சிவந்து கிடந்தது. என் அம்மா மல் என்ற மெல்லிய பருத்தித் துணியில் கையால் தைத்துவைத்திருந்த சட்டையை மாட்டினோம். அழுகை நின்றது. அன்று வந்த சொந்தக்காரர்கள் எங்கே வாங்கியது என்று கேட்டதும் அந்தச் சட்டையைத்தான்.

இப்போது அவளுக்கு ஐந்து வயது. சென்னை மேற்கு மாம்பலத்தில் இரண்டாவது மாடி, ஒரு படுக்கையறை, வாடகை வீடு. இந்த ஊரில் குழந்தையை அழகாக உடுத்தவும், விளையாடவைக்கவும், அவளுக்கென்று ஓர் இடம் அமைக்கவும் இரண்டே விஷயம் பார்க்கிறேன். காற்றுப் போகவேண்டும். வளர இடம் விட்டிருக்கவேண்டும்.

முதலில் துணி, ஏனென்றால் பணம் அதிகம் வீணாவது அங்கேதான். தொட்டால் மெத்தென்று இருக்கிறது என்பதற்காகக் காட்டன் என்று நம்பிவிடாதீர்கள். விரல் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டு ஓரத்தில் வையுங்கள். பருத்தி உறிஞ்சிவிடும், பாலியஸ்டரில் சொட்டு அப்படியே நிற்கும் அல்லது வழியும். கஞ்சி போட்ட புதுத்துணி கொஞ்சம் நேரம் எடுக்கும், அவசரப்படவேண்டாம். அப்புறமும் சந்தேகமென்றால் வாங்கிவந்த துணியின் ஓரத்தில் இரண்டு நூலை உருவி எரித்துப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாக உதிரும். பட்டு, முடி கருகுவதுபோல் நாறும். பாலியஸ்டர் உருகிக் கறுப்பு மணியாகக் கெட்டிப்படும். முழுத்துணியும் வாங்குமுன் கால் மீட்டர் வெட்டி வாங்கிச் சோதிப்பது நல்லது.

எழும்பூர் பாந்தியன் சாலை கோ-ஆப்டெக்ஸ்தான் நான் முதலில் போகும் இடம். பருத்திச் சேலை ஒன்று எடுத்தால் அதிலேயே குழந்தைக்கு இரண்டு பாவாடை வரும், எனக்கு ஒரு துப்பட்டாவும் மிஞ்சும். மதுரைச் சுங்குடி எனக்கு ரொம்பப் பிடிக்கும். கைமுடிச்சுச் சுங்குடியில் ஒவ்வொரு புள்ளியும் நூலால் கட்டிச் சாயத்தில் நனைத்தது. புள்ளிகள் அச்சு வார்த்ததுபோல் இருக்காது, கட்டிய இடத்தில் துணி லேசாகச் சுருங்கி மேடாக இருக்கும். தடவினாலே தெரியும். அச்சடித்த சுங்குடி விலை குறைவு, அதிலும் தவறில்லை, ஆனால் கைமுடிச்சு விலை கொடுத்து அதை வாங்காதீர்கள். சுங்குடியைத் தைக்குமுன் தனியாக இரண்டு தடவை அலசிக் காயவையுங்கள். சாயம் விடுவதும் துணி சுருங்குவதும் தைப்பதற்கு முன்பே முடிந்துவிடும்.

மீட்டர் துணிக்குப் பாரிமுனை கோடவுன் தெரு. உயர் நீதிமன்றம் மெட்ரோவில் இறங்கினால் நடந்துவிடலாம். மொத்தக் கடைகள் நிறைய, சிலர் ஒன்றிரண்டு மீட்டர் வெட்டமாட்டார்கள். முதல் வாசலிலேயே கேட்டுவிடுங்கள். நானும் என் நாத்தனாரும் சேர்ந்து போய்ப் பெரிய வெட்டாக எடுத்துப் பங்கு போட்டுக்கொள்வோம். வீட்டில் போடும் டீ-ஷர்ட், அரைக்கால் சட்டைக்கெல்லாம் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு போதும். திருப்பூர்ப் பின்னலாடையைத் திருப்பிப் போட்டு உள்தையலைப் பாருங்கள். கழுத்தில் முள்ளாகக் குத்தும் லேபிளோ நைலான் நூலோ இருந்தால் வேண்டாம்.

இனித் தையல். இதை நிதானமாகச் சொல்கிறேன், கடையில் வாங்கும் உடுப்பில் கிடைக்காதது இதுதான்.

ஐந்து வயதுக் குழந்தை வருஷத்துக்கு இரண்டு, இரண்டரை அங்குலம் வளரும். அதில் பாதிக்குமேல் காலில் கூடுகிறது. அதனால் பாவாடையை இன்றைய அளவுக்கு வெட்டினால் அடுத்த தீபாவளிக்குக் கணுக்காலுக்கு மேலே நிற்கும். அந்தக் காலத்துப் பட்டுப்பாவாடையில் குறுக்கே மடித்துத் தைத்து டக் பிடித்திருப்பார்களே, அதைப் பருத்தியிலும் செய்யச் சொல்லுங்கள். கரைக்குச் சற்று மேலே ஓர் அங்குல டக், அரை அங்குலம் விட்டு அதற்குமேல் இன்னொன்று. ஓர் அங்குல மடிப்பில் இரண்டு அங்குலத் துணி அடங்கியிருக்கிறது. ஆக ஒரு டக்கைப் பிரித்தால் பாவாடை இரண்டு அங்குலம் இறங்கும். இரண்டு டக்குக்கு நாலு அங்குலம், குறைந்தது இரண்டு வருஷம் தாங்கும். டக்குக்கு மட்டும் பெரிய தையலாகப் போடச் சொல்லுங்கள், பிரிக்கும்போது துணி கிழியாது. பிரித்த இடத்தில் வெளுக்காத பட்டை ஒன்று தெரியும். அதன்மேல் மெல்லிய லேஸ் ஓட்டிவிட்டால் புதுப்பாவாடைபோல் ஆகிவிடும். என் மகளின் மாம்பழ மஞ்சள் சுங்குடியில் முதல் டக்கைப் போன பொங்கலுக்குப் பிரித்து அரக்கு லேஸ் வைத்தேன். இன்னொன்று வாங்கினீர்களா என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டார்.

சட்டையில் பக்கத் தையலுக்கு உள்ளே இரண்டு பக்கமும் ஒன்றரை அங்குலம் விடச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் பல டெய்லர்கள் ஓவர்லாக் அடித்து மிச்சத்தை வெட்டிவிடுவார்கள். பாவாடைக்கு நாடாவைவிட மேலே பாடி, அதாவது தோளில் மாட்டும் கையில்லாத மேல்பகுதி, வைத்துத் தைப்பது நல்லது, இடுப்பை இறுக்காது. ஜரிகை உடம்பில் படும் இடமெல்லாம் மல் துணி லைனிங். பட்டன் முன்பக்கம் இருந்தால் நாலு வயதிலேயே தானாகப் போட்டுக்கொள்வாள். கழுத்தில் தொங்கும் கயிறு, குஞ்சம் எதுவும் வேண்டாம். ஊஞ்சலிலோ சறுக்குமரத்திலோ மாட்டினால் ஆபத்து.

பொம்மைகளில் என் மகள் அதிகம் விளையாடியது ஒரு மரச்சொப்புச் செட். மயிலாப்பூரில் கபாலீஸ்வரர் கோயிலைச் சுற்றியுள்ள மாட வீதிகளில், நவராத்திரி சமயத்தில், கொலு பொம்மைகளோடு சேர்த்து விற்பார்கள். இந்தச் சொப்புக்குப் பேர்போன ஊர் திருநெல்வேலிப் பக்கத்து அம்பாசமுத்திரம். அடுப்பு, குடம், இட்லிப் பானை, அம்மி, திருகை என்று எல்லாம் உள்ளங்கைக்குள் அடங்கும். திருகையின் மேல்கல் நிஜமாகவே சுற்றும். அதில் அவள் கண்ணுக்குத் தெரியாத உளுந்தை அரைத்து, கரண்டியில் எடுத்து, ஊதி, எனக்கு ஊட்டுவாள். சூடு ஆறவில்லை என்று சொன்னால் மறுபடி ஊதுவாள். பேட்டரி போட்டுப் பாடும் பொம்மையை இரண்டு நாளில் தூக்கிப்போட்டவள், இந்தத் திருகையை மூன்று வருஷமாக விடவில்லை.

வாங்கும்போது பார்க்கவேண்டியது: ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தித் துடையுங்கள், சாயம் ஒட்டினால் வேண்டாம். ஓரங்களை விரலால் தடவிச் சிராய் இருக்கிறதா பாருங்கள். மூடியின் குமிழை முறுக்குங்கள், ஆடினால் வைத்துவிடுங்கள். கழிவறைக் காகிதம் சுற்றிவரும் அட்டைக் குழாய்க்குள் நுழையும் எதையும் மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையிடம் கொடுக்கக்கூடாது. சொப்பில் சின்னத் துண்டுகளை நான் அதுவரை டப்பாவில் பூட்டித்தான் வைத்திருந்தேன். பல்லாங்குழிச் சோழிக்கும் புளியங்கொட்டைக்கும் இதே கணக்கு.

ஆலையில் செய்த பொம்மை என்றால் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கவேண்டும். 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் இது கட்டாயம். பதிவு செய்த கைவினைஞர்கள் செய்து விற்பதற்கும், புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுக்கும் விலக்கு உண்டு. ஆகவே மாட வீதிச் சொப்பில் முத்திரை தேடவேண்டாம், மேலே சொன்ன சோதனை போதும். பட்டன் பேட்டரி போடும் பொம்மையில் மூடி ஸ்க்ரூ வைத்ததாக இருக்கட்டும். அந்தப் பேட்டரியை விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துவிடும். தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டிய விஷயம்.

தஞ்சாவூர்த் தலையாட்டி, மரப்பொம்மை எல்லாம் அண்ணா சாலை பூம்புகார் கைவினைக் கடையில் பார்க்கலாம். எல்லாவற்றையும் ஒரே சமயம் வெளியே வைக்காதீர்கள். எங்கள் வீட்டில் எட்டு மட்டும் வெளியே, மீதி லாஃப்டில். மாதம் ஒருமுறை மாற்றினால் பழையதே புதிதாகிறது.

கடைசியில் அவளுடைய மூலை. தனி அறை கிடையாது. படுக்கையறையில் கிழக்கு ஜன்னலை ஒட்டி ஆறடிக்கு ஐந்தடி. மத்தியானம் கடல்காற்று அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, அதனால் அங்கே திரை போடவில்லை. வெயில் அடிக்கும் மேற்கு ஜன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டி. தரையில் கோரைப்பாய், அதன்மேல் பவானி ஜமக்காளம். சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் பட்டை பட்டையாக அது கிடக்கும்போது சுவருக்கு எந்த ஸ்டிக்கரும் தேவைப்படவில்லை. மெத்து மெத்தென்ற நுரை விரிப்பைவிட ஜமக்காளம் துவைக்கவும் காயவைக்கவும் சுலபம்.

அலமாரி அவள் கைக்கு எட்டும் உயரத்தில், மூன்றே தட்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஈரம் கோத்துப் பூசணம் பிடிக்கும். ஆகவே பின்னால் இரண்டு அங்குலம் இடைவெளி விட்டு, எல் கிளாம்ப் வைத்துச் சுவரோடு திருகிவிட்டோம். குழந்தை தட்டில் ஏறினாலும் கவிழாது. ஆணி அடிக்கக்கூடாது என்று சொன்ன வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னதும் சரி என்றுவிட்டார். கேட்டுப் பாருங்கள். ஏறி நிற்கக்கூடிய எதையும் ஜன்னலுக்கு அடியில் போடாதீர்கள்.

உத்தரத்தில் தூளி கட்டிய கொக்கி இன்னும் இருக்கிறது. பழைய கொக்கி எவ்வளவு எடை தாங்கும் என்று தெரியாமல் ஊஞ்சல் மாட்ட எனக்குத் தைரியமில்லை. அதில் பனையோலைக் கிளிகள் ஐந்து தொங்குகின்றன. தூளியாக இருந்த என் அம்மாவின் பச்சைச் சேலையை இரண்டாக வெட்டி, மூலைக்குத் திரையாகப் போட்டிருக்கிறேன். கம்பி வைத்துத்தான், நாடாவோ கயிறோ இல்லாமல். கீழே ஓரம் தைக்கும்போது அதிலும் ஓர் அங்குல டக் பிடித்து வைத்தேன். அடுத்த வீடு எவ்வளவு உயரமோ.