நாலு பிள்ளைகள், ஒரு கடற்கரை: ஆஸ்திரேலியத் திகில் படங்கள் சறுக்கும் இடங்கள்

சர்ஃபிங் பலகைகளோடு நாலு பதின்வயதினர் ஆளில்லாத ஒரு கடற்கரைக்குப் போகிறார்கள். விசித்திரமான ஓர் ஆள் அவர்களைச் சுற்றிச் சுற்றி வருகிறான். இங்கே ஏற்கெனவே வந்திருக்கிறோமோ என்ற சந்தேகம் மெல்ல எழுகிறது. ஸ்டீஃபன் சூவெல் எழுதி மார்ட்டின் மர்ஃபி இயக்கிய 'லாஸ்ட் திங்ஸ்' (2003) படத்தின் கைமுதல் இவ்வளவுதான். இந்த மாதிரிப் படத்தைப் பார்க்கிற எல்லாருக்கும், நாமும் ஒன்று எடுத்துவிடலாமே என்று தோன்றும். வெயில் இலவசம், மணல் இலவசம், நாலு புதுமுகங்கள் போதும்.

கெடுவது அந்தக் கணக்கில்தான். கடற்கரை செலவைக் குறைக்கும் என்று நம்பி இறங்குகிறார்கள். அதே சமயம், பட்டப்பகலில் திறந்த வெளியில் பயம் வராது என்று நினைத்துக் கதையை இருட்டுக்குள் தள்ளிவிடுகிறார்கள். இரண்டு எண்ணமும் தப்பு.

முதலில் ஒலி. சிறிய படங்கள் பெரும்பாலும் இதில்தான் மாட்டிக்கொள்கின்றன. அலை இரைச்சல் மனிதக் குரலின் அதிர்வெண்களையும் சேர்த்தே மூடிக்கொள்ளும். பிறகு மென்பொருளில் இரைச்சலைக் குறைத்தால் குரலும் சேர்ந்து தேயும். சட்டைக்குள் சின்ன மைக் வைக்கலாம் என்றால், நீச்சல் உடையில் இருக்கும் பிள்ளைகளிடம் அதை எங்கே ஒளிப்பது? இன்னொரு தொல்லையும் உண்டு. ஒருவரின் நெருக்கக் காட்சியில் அலை உடைகிறது. அடுத்தவர் முகத்துக்கு வெட்டினால் அதே அலை பாதியில் அறுந்து நிற்கிறது. முக்கியமான உரையாடல்களை மணல்மேட்டுக்குப் பின்னாலோ, காருக்குள்ளோ, கூடாரத்திலோ வைத்து எழுதிவிடுவது நல்லது. அலைச் சத்தத்தைத் தனியாக, நீளமாகப் பதிவுசெய்து பிறகு எல்லா வெட்டுகளுக்கும் அடியில் ஓட விடலாம். நம் ஊர்க்காரர்கள் டப்பிங் இருக்கிறதே என்று சாதாரணமாகச் சொல்லிவிடுவார்கள். ஆஸ்திரேலியாவில் நேரடி ஒலிப்பதிவுதான் வழக்கம். டப்பிங் பேசிப் பழகாத பதினெட்டு வயது நடிகர் ஸ்டுடியோவில் தன் குரலை மறுபடி கொண்டுவரத் திணறுவார். அந்தச் செலவும் பட்ஜெட்டில் இருக்காது.

அடுத்தது தண்ணீரும் மணலும். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலக் கரையில் ஒரு நாளில் இரண்டு முறை கடல் ஏறி இறங்கும். அந்த நேரம் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். சிட்னிப் பக்கம் ஏற்ற இறக்கம் இரண்டு மீட்டர் வரைக்கும் போகும். சரிவு குறைந்த கரையில் அதுவே பல மீட்டர் அகல மணலைத் தோன்றவும் மறையவும் வைக்கும். காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்த காட்சியை மதிய உணவுக்குப் பிறகு முடித்தால், நடிகர் உட்கார்ந்திருந்த பாறை தண்ணீருக்குள் போயிருக்கும். கடல் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணை ஒரு வருடத்துக்கு முன்பே கிடைக்கிறது. படப்பிடிப்பு அட்டவணையை அதைப் பார்த்துத்தான் போட வேண்டும். நடிகரின் தேதியைப் பார்த்துப் போட்டால் இப்படித்தான் ஆகும்.

காலடித் தடம் இன்னும் ஆபத்து. சாதாரணப் படத்தில் மணலில் நாலு தடம் கூடுதலாக இருந்தால் யாரும் கவனிக்கப் போவதில்லை. உளவியல் திகிலில் பார்வையாளர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். நாலு பேர் நடந்த இடத்தில் ஐந்தாவது தடம் தெரிந்தால் அது அவருக்குத் துப்பு. உண்மையில் அது கேமரா உதவியாளரின் செருப்பாக இருக்கும். அதுவும் நேரம் மடங்கி வந்து, நடந்ததே திரும்ப நடக்கும் கதை என்றால் கேட்கவே வேண்டாம். தடமில்லாத மணல் தேவைப்படும் அகலக் காட்சிகளை விடியற்காலையிலேயே எடுத்துவிடுங்கள். படக்குழு நடக்க கேமராவுக்குப் பின்னால் ஒரே பாதை போதும். வாரியல் ஒன்று கையில் இருக்கட்டும்.

வெளிச்சத்திலும் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. 'சூரியன் கடலுக்குள் இறங்குகிறது' என்று திரைக்கதையில் எழுதிவிட்டு சிட்னி அருகே இடம் பார்ப்பார்கள். கிழக்குக் கரையில் சூரியன் கடலிலிருந்து எழும். மாலையில் நிலத்துக்குப் பின்னால் போகும், மேட்டின் நிழல் மணல்மேல் நீண்டுவிடும். கடலில் மறையும் சூரியன் வேண்டுமென்றால் பெர்த் பக்கமோ அடிலெய்டு பக்கமோ போங்கள்.

சரி, இனி பயம். இரவு வரட்டும், அப்புறம் மிரட்டலாம் என்று காத்திருப்பதுதான் எனக்குத் தெரிந்து இந்த வகைப் படங்களின் பெரிய தவறு. ராத்திரிக் கடல் கேமராவுக்கு வெறும் கறுப்பு. அதைக் காட்டப் பெரிய விளக்குகளும் ஜெனரேட்டரும் வேண்டும். பகலில் எடுத்து இரவாக மாற்றும் உத்தியில் வானத்தைச் சட்டகத்துக்கு வெளியே தள்ள வேண்டும்; கடற்கரையில் பாதிச் சட்டகம் வானம்தான். நெருப்பு மூட்டி உட்கார வைக்கலாம் என்றால், கோடையில் முழுத் தீத்தடை அறிவிக்கும் நாட்களில் திறந்த நெருப்புக்கு அனுமதியே கிடையாது.

ஆஸ்திரேலிய சினிமா இதற்கு எப்போதோ வழி காட்டிவிட்டது. பீட்டர் வியரின் 'பிக்னிக் அட் ஹேங்கிங் ராக்' (1975) படத்தில் மாணவிகள் காணாமல் போவது நல்ல வெயிலில். காலின் எகிள்ஸ்டன் இயக்கிய 'லாங் வீக்எண்ட்' (1978) படத்தில், ஒரு தம்பதி தனிமையான கரையில் கூடாரம் போடுகிறார்கள். கணவன் சுட்ட கடற்பசு ஒன்று செத்துக் கரையில் கிடக்கிறது. அடுத்தடுத்து பார்க்கும்போது அது கொஞ்சம் கொஞ்சமாகக் கூடாரத்தை நெருங்கி வந்திருப்பதுபோல் தெரிகிறது. நகர்வதை யாரும் பார்ப்பதில்லை. இந்தக் காட்சிக்கு ஒரு பொம்மையைத் தவிர என்ன செலவு? ஒளிந்துகொள்ள மரமோ கதவோ இல்லாத வெளியில், தூரத்தில் நிற்கும் ஓர் உருவம் அசையாமல் நின்றாலே போதும். அதற்குப் பார்வையாளரைத் திடீரென்று துள்ளவைக்கும் ஜம்ப் ஸ்கேர் சத்தம் சேர்ப்பவர்களை என்ன சொல்வது!

சுறாவைக் கொண்டுவருவதும் தேவையில்லாத ஆசை. ஆஸ்திரேலியக் கடலில் சுறாவைவிட, கரையிலிருந்து கடலுக்குள் இழுத்துப்போகும் ரிப் நீரோட்டத்தில் இறப்பவர்களே ஒவ்வொரு வருடமும் அதிகம். ரிப் பார்க்கப் பயங்கரமாக இருக்காது. இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைய, நடுவில் ஒரு பட்டை மட்டும் கொஞ்சம் கருமையாக, அமைதியாகத் தெரியும். விவரம் தெரியாதவர்கள் பத்திரமான இடம் என்று அங்கேதான் இறங்குவார்கள். உயிர்காப்பாளர்கள் நட்டுவைக்கும் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவே குளிக்கச் சொல்வது இதனால்தான். 1967 டிசம்பர் 17 அன்று பிரதமர் ஹெரால்ட் ஹோல்ட் செவியட் கடற்கரையில் நீந்தப் போனார், உடல்கூடக் கிடைக்கவில்லை. இப்படி ஒரு கடலை வைத்துக்கொண்டு ரப்பர் சுறாவுக்குப் பணம் ஒதுக்குவானேன்? ஆனால் ஒன்று: படக்குழுவும் அதே தண்ணீரில்தான் இறங்குகிறது. உயிர்காப்பாளர் கூலியை மட்டும் மிச்சப்படுத்தாதீர்கள்.

கதை விஷயத்துக்கு வருகிறேன். 'இவர்கள் ஏற்கெனவே இறந்துவிட்டார்கள்' என்ற திருப்பத்தை மட்டும் நம்பி ஒன்றரை மணி நேரம் ஓட்டுகிற படங்கள் ஏராளம். திகில் ரசிகர் இருபதாவது நிமிடத்திலேயே ஊகித்துவிடுவார். அவர் ஊகித்த பிறகும் படத்தில் பார்க்க என்ன மிச்சம் என்பதுதான் கேள்வி. யார் யாருக்குத் துரோகம் செய்தார்கள், யார் ஓடிப்போனார்கள், எதை நினைவுகூர மறுக்கிறார்கள் என்று குற்ற உணர்ச்சி ஒன்று ஒவ்வொருவருக்கும் இருந்தால், திருப்பம் தெரிந்தாலும் படம் நிற்கும். மடங்கி வரும் நேரத்துக்கு ஒரு விதி வேண்டும். அதைப் பாத்திரங்கள் வாய்விட்டு விளக்க வேண்டியதில்லை. எழுதியவருக்குத் தெரிந்திருந்தால் போதும்.

பிள்ளைகளின் பேச்சையும் நாற்பது வயதுக்காரர் எழுதினால் அப்படியே காட்டிக்கொடுத்துவிடும். ஜோயல் ஆண்டர்சனின் 'லேக் மங்கோ' (2008) படத்தில் நடிகர்கள் காட்சியின் போக்கை மட்டும் தெரிந்துகொண்டு தங்கள் வார்த்தையில் பேசினார்கள். சிறிய படத்துக்கு இது நல்ல வழி. ஒத்திகைக்கு மட்டும் நாட்கள் ஒதுக்க வேண்டும்.

'இது பழங்குடியினரின் சாபம் பிடித்த நிலம்' என்று காரணம் சொல்வதை இனியாவது விட்டுவிடலாம். கடலோர மணல்மேடுகளில் பழங்குடி மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளாகச் சிப்பி உண்டு குவித்த மேடுகள் உண்மையாகவே இருக்கின்றன. அவை சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. கேமராவை ஓட்ட டிராலி தண்டவாளம் போடும் முன் உள்ளூராட்சி அனுமதியோடு அந்த நிலத்தின் மரபு உரிமையாளர்களிடமும் பேசுங்கள். அரசின் திரைப்பட நிறுவனமான ஸ்கிரீன் ஆஸ்திரேலியா இதற்கென்றே வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. கடற்கரைகளில் நடந்த, இன்னும் துலங்காத கொலை வழக்குகளைக் கதைக்கு இழுப்பதும் இதே ரகம். அந்தக் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன.

கடைசியாகப் பணம். திரையரங்குக்கான முழுநீளப் படத்துக்கு, தகுதியுள்ள ஆஸ்திரேலியச் செலவில் 40 சதவீதம் திரும்பக் கிடைக்கும் அரசின் புரொட்யூசர் ஆஃப்செட் திட்டம் 2007 முதல் இருக்கிறது. ஆனால் அந்தச் செலவு குறைந்தது 5 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் இருக்க வேண்டும். நாலரை லட்சத்தில் முடித்துப் பெருமைப்பட்டவருக்கு எதுவும் கிடைக்காது. எந்தச் செலவெல்லாம் தகுதியில் சேரும் என்பதைத் திரைக்கதை இரண்டாம் வரைவில் இருக்கும்போதே ஒரு கணக்காளரிடம் கேட்டுவிடுங்கள். படம் முடிந்தபிறகு ரசீது தேடுவது நடக்கிற காரியமில்லை.