ஆடிக் காற்றில் ஓடுபவர்களுக்கு

ஆனி, ஆடி மாதங்களில் கோவை, பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் காலையில் ஓடுபவர்கள் முதலில் மேற்கே ஓடுங்கள், திரும்பும்போது காற்று முதுகில் இருக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்று அந்த நாட்களில் பெரும்பாலும் மேற்கிலிருந்துதான் அடிக்கும், அதனால் தெம்பு இருக்கும்போதே எதிர்காற்றை முடித்துவிடலாம். நடுவழியில் கால் பிசகினாலோ சாரல் பிடித்துக்கொண்டாலோ, வியர்வையில் நனைந்த பனியனோடு குளிர்காற்றை முகத்தில் வாங்கி நொண்டிக்கொண்டு வரவேண்டியதில்லை. கிழக்கே திரும்பும்போது வெயில் கண்ணில் அடிக்கும், ஒரு தொப்பி போதும். போனை ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொள்ளுங்கள், கூடவே பஸ்ஸுக்குக் கொஞ்சம் பணமும், வீட்டு நம்பரும் ரத்த வகையும் எழுதிய ஒரு சீட்டும். போன் லாக் ஆகியிருந்தாலும் தூக்கிவிடுபவர் அந்தச் சீட்டைப் பார்த்து வீட்டுக்குச் சொல்லலாம். அப்புறம், காற்று பலமாக இருக்கும் நாளில் தென்னந்தோப்பு ஓரம் வேண்டாம், மட்டை எப்போது விழும் என்று சொல்ல முடியாது.

சித்திரை, வைகாசி சாயங்கால இடிமழைக்கும் ஐப்பசி மழைக்கும் இந்தக் கணக்கு ஒத்துவராது. அப்போது காற்று எந்தப் பக்கமிருந்தும் திரும்பும், வீட்டைச் சுற்றியே சின்னச் சின்னச் சுற்றாக ஓடுவதுதான் சரி. இடி கேட்டால் மரத்தடியில் ஒதுங்காமல் கான்கிரீட் கட்டடத்துக்குள் போய்விடுங்கள், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்து வெளியே வரலாம். வெயில் ஏறிய பிறகு ஓடுபவர்களுக்கும் இது சரிப்படாது, காற்று முதுகில் இருந்தால் வியர்வை சீக்கிரம் காயாமல் சூடு கூடுதலாகத் தெரியும்.