கருங்கல்லுக்கு வயசு பாக்கும்போது தவிர்க்க வேண்டிய தப்புகள்

விவேகானந்தர் பாறை எவ்வளவு பழசுன்னு பேச்சு வந்தாலே யாராச்சும் ஒருத்தர் கார்பன் டேட்டிங் பண்ணா தெரிஞ்சிரும்னு சொல்லிடுவாங்க. அது நடக்காது. கார்பன் முறை மரம், எலும்பு, கரி மாதிரி ஒரு காலத்துல உயிரோட இருந்ததுக்குத்தான், அதுவும் சுமார் 50,000 வருஷத்துக்குள்ள. நம்ம கருங்கல்லுக்கு யுரேனியம்-ஈயம் மாதிரி, அதாவது யுரேனியம் எவ்வளவு ஈயமா மாறியிருக்குன்னு கணக்கு பாக்குற முறைதான் வேணும், யுரேனியம்-238 பாதியா குறையவே கிட்டத்தட்ட 447 கோடி வருஷம் ஆகும்.

இதவிட பெரிய தப்பு, ஒரு பாறைக்கு ஒரே வயசுதான்னு நெனைக்கிறது. நாகர்கோவில் பக்கத்து சார்னோக்கைட்டுங்கிற கருங்கல்ல எடுத்துக்கோங்க, அதுக்குள்ள மணல் துகள் சைஸ்ல சிர்கான்னு யுரேனியம் இருக்குற ஒரு கனிமம் இருக்கும், அத பாதி தேய்ச்சு எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்ல படம் எடுத்தா நடுவுல வரி வரியா ஒரு கரு, சுத்தி வரியில்லாம ஒரு ஓரம்னு தனித்தனியா தெரியும். கருவுல சுமார் 200 கோடி வருஷம், அது பூமிக்குள்ள உருகிக் கெடந்த பாறைக்குழம்பு (மாக்மா) உறைஞ்ச காலம். ஓரத்துல சுமார் 55 கோடி, கோண்டுவானாங்கிற பழைய பெருங்கண்டம் ஒண்ணு சேந்தப்ப ஆழத்துல வெந்து உருமாறுன காலம். ரெண்டுமே நெஜம். வயசு அளக்க சிர்கான்ல அடிக்கிற லேசர் கருவும் ஓரமும் சேர்ற எடத்துல விழுந்தா நடுவுல ஏதோ ஒரு நம்பர் வரும், ஆனா அந்த காலத்துல இங்க எதுவுமே நடந்திருக்காது. படம் பாக்காம சிர்கான அளக்கவே கூடாதுங்க, இதுல எனக்கு சமரசமே கிடையாது.

அதே பாறையில இருக்குற பயோடைட்ட, அதாவது கருப்பு மைக்காவ, பொட்டாசியம் ஆர்கான் வாயுவா மாறுறத வெச்சு அளக்குற பொட்டாசியம்-ஆர்கான் முறையில பாத்தா வயசு இன்னும் கம்மியா வரும். சுமார் 300 டிகிரிக்கு கீழ ஆறுன பிறகுதான் ஆர்கான் அதுக்குள்ள தங்கும், அதனால கெடைக்கிறது பாறை ஆறுன காலம். லேப் தப்பா பண்ணிட்டாங்கன்னு சண்டைக்கு போகாதீங்க.

சாம்பிள் எடுக்கும்போது ரோட்டோரமா மழையும் வெயிலும் தின்னு பழுப்பா உதிர்ற கல்ல எடுக்காதீங்க, வயசு கணக்குக்கு வேண்டிய பொட்டாசியம், ரூபிடியம் மாதிரி தனிமங்கள் தண்ணியோட போயிருக்கும். குவாரியில புதுசா ஒடச்ச முகத்துல எண்ணெய் தடவுன மாதிரி கரும்பச்சையா மினுங்கும் பாருங்க, அதுதான் வேணும்.

மணவாளக்குறிச்சி கடற்கரை மணல்லயும் சிர்கானும், வயசு பாக்க உதவுற மோனசைட்டுங்கிற இன்னொரு கனிமமும் நெறைய கெடைக்கும், அள்ளுறது சுலபம்தான். ஆனா அதுல வர்றது கடற்கரையோட வயசு இல்ல, அந்த துகள் எந்த மலையிலேர்ந்து அரிச்சு வந்துச்சோ அந்த பாறையோட வயசு.