படலைக்கு ஒரு கமரா, வீட்டிலேயே செய்தது

மேசை லாச்சிக்குள் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி, பழையது ஒன்றும் யூஎஸ்பி வெப்கேமும் கிடந்தால் போதும். கமராப் படத்தில் அசைவு தெரிந்தால் பதிவு செய்கிற மோஷன்ஐ என்ற இலவச, திறந்த மூல மென்பொருளைப் பையில் போட்டுவிட்டு, அதே வைஃபையில் இருக்கிற கணினியின் பிரவுசரில் பையின் ஐபி முகவரியோடு 8765 என்ற போர்ட்டையும் சேர்த்து அடியுங்கோ. பயனர்பெயர் அட்மின், கடவுச்சொல் ஒன்றுமில்லை. முதல் வேலையாக அதை மாற்றுங்கோ.

வில்லங்கம் அதுக்குப் பிறகுதான். எங்கட வேலியோரம் ஒரு முருங்கை நிற்குது. சோளகக் காற்றுக்கு அது ஆட, மெமரி கார்ட் முழுக்க முருங்கைக் கொப்புதான். ஆள் ஒருத்தரையும் காணேல்லை! அசைவு கண்டறியும் அமைப்புகளில் மாஸ்க் என்று ஒன்று இருக்கு. படத்தில் மரம் நிற்கிற கட்டங்களைத் தொட்டு மறைத்துவிட்டால், அந்த இடத்து அசைவுக்குப் பதிவு தொடங்காது. பூனைத் தொல்லை என்றால் த்ரெஷோல்டையும், அதாவது எவ்வளவு அசைந்தால் பதிவு தொடங்கவேணும் என்ற அளவையும், கொஞ்சம் கூட்டுங்கோ.

பை 3 என்றால் 5 வோல்ட், 2.5 அம்பியர் சார்ஜர் வேணும். பழைய போன் சார்ஜர் அடிக்கடி காலை வாரும்.

வெளியில் இருந்து பார்க்க ரூட்டரில் அந்தப் போர்ட்டைத் திறக்காதேங்கோ. வயர்கார்ட் என்ற விபிஎன் (வீட்டு நெட்வொர்க்குக்குப் பாதுகாப்பான தனிவழி) வழியாகப் பாருங்கோ.

இன்னொன்று: பக்கத்து வளவுக் கிணத்தடி படத்தில் விழாமல் கமராவைத் திருப்புங்கோ. ஏற்கெனவே இருக்கிற வேலிச் சண்டை காணும்.