தட்டைப் பிரித்தார்கள், நகவெட்டியை விட்டுவிட்டார்கள்

எங்கள் உறவுக்காரப் பெண்ணுக்குக் கர்ப்பகாலப் பரிசோதனையில், கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்றான ஹெபடைடிஸ் பி இருப்பது தெரிந்தது. மறுநாளே அவருக்கென்று தனித் தட்டும் தம்ளரும் எடுத்து வைத்துவிட்டார்கள். மாமியாருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, பயம்தான். ஆனால் அதே வீட்டில் ஐந்து பேரும் ஒரே நகவெட்டியில் நகம் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

பி வைரஸ் ரத்தத்தின் வழியாகவும் உடலுறவின் வழியாகவும் பரவுவது. ஹெபடைடிஸின் இன்னொரு வகையான சி பெரும்பாலும் ரத்தத்தால் பரவுவது. சேர்ந்து சாப்பிடுவதாலும் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவதாலும் இவை தொற்றுவதில்லை. தட்டைப் பிரித்தால் அந்தப் பெண்ணின் மனம் நோகும், வேறு பலன் கிடையாது. பிரிக்க வேண்டியவை சவர பிளேடு, நகவெட்டி, பல் துலக்கும் பிரஷ், சர்க்கரை அளவு பார்க்க விரலில் குத்தும் ஊசி ஆகியவை. பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிர்ப்போடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் ஒட்டியிருந்தாலே போதும்.

இதைவிடப் பெரிய தவறு, குழந்தைக்குத் தடுப்பூசியைத் 'தேறட்டும், பிறகு போடலாம்' என்று தள்ளிப்போடுவது. பிறந்து 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட்டாக வேண்டும். தாய்க்குத் தொற்று இருந்தால், வைரஸை எதிர்க்கும் தயார்நிலை எதிர்ப்புப் பொருள் அடங்கிய இம்யூனோகுளோபுலின் ஊசியும் குழந்தைக்குத் தேவை. அதனால்தான் பிரசவத்துக்கு முன்பே மருத்துவமனையில் சொல்லி வைக்க வேண்டும். பிறப்பின்போது தொற்றிய குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு அது நாள்பட்ட நோயாக நின்றுவிடுகிறது. பெரியவர்களுக்குத் தொற்றினால் பெரும்பாலும் தானே விலகிவிடும். ஊசி போட்ட குழந்தைக்குத் தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். கணவரும் மற்றவர்களும் பரிசோதனை செய்துகொண்டு, தொற்று இல்லையென்றால் தடுப்பூசி போட்டுக்கொள்வது அவசியம்.

ஹெபடைடிஸ் ஏ, இ வகைகள் வேறு. அவை மலம் கலந்த நீராலும் உணவாலும் பரவுபவை. 1955-56இல் டெல்லியின் குடிநீரில் கழிவுநீர் கலந்ததால் சுமார் 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது. அது இ வகை என்று பின்னாளில்தான் தெரிந்தது. தெளிவாகத் தெரியும் தண்ணீரை நம்பாதீர்கள், கொதிக்கவைத்துக் குடியுங்கள். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் இதில் துளியும் அலட்சியம் கூடாது, இ வகை கடைசி மாதங்களில் அவர்கள் உயிரையே பறிக்கக்கூடியது. இன்னொன்று, ஏ வைரஸ் கண் மஞ்சளாவதற்கு முந்தைய இரண்டு வாரங்களில்தான் அதிகமாக வெளியேறுகிறது. ஆகவே சமைப்பவர் சோப்புப் போட்டுக் கை கழுவுவது வீட்டின் அன்றாடப் பழக்கமாக இருக்க வேண்டும்.

கீழாநெல்லி? நம் ஊரின் நம்பிக்கை இது. 1988இல் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு பி தொற்றில் பலன் காட்டியது, ஆனால் பிந்தைய ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை. ஏ, இ பெரும்பாலும் தாமே குணமாகிவிடுவதால் பெயர் மூலிகைக்குப் போகிறது. பி, சி தொற்றில் மஞ்சள் மறைந்தாலும் வைரஸ் உள்ளே இருக்கக்கூடும். சூடு வைப்பதும் கண்ணில் சாறு பிழிவதும் வெறும் கொடுமை. காமாலைக்காரர் மயங்கினாலோ, பேச்சில் தடுமாறினாலோ, ரத்தம் கசிந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

சி தொற்றுக்குத் தடுப்பூசி இல்லை, ஆனால் பெரும்பாலோருக்கு 12 வார மாத்திரையில் குணமாகிறது. 2018இல் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.