கர்ப்பிணியிடம் பூச்சிமருந்து பற்றிப் பேசும்போது செய்யும் தவறுகள்

திருமங்கலம் பக்கம் கிராமச் செவிலியராக இருந்தவள் நான். போன வாரம் புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்களோடு மல்லிகைத் தோட்டங்கள் சூழ்ந்த ஓர் ஊருக்குப் போனேன். நான் புதிதில் செய்த அதே தவறுகளை அவர்களும் செய்தார்கள். காய்கறியைக் கழுவச் சொல்வது எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

"மருந்தடிக்கிறியா?" என்று மட்டும் கேட்பது

இதைக் கேட்டால் இன்றும் எனக்குப் பொறுக்கவில்லை. நானும் ஒருத்தியிடம் இப்படித்தான் கேட்டேன். "இல்லக்கா, அவுகதான் அடிப்பாக" என்றாள். 'இல்லை' என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். ஏழாம் மாதம் ஒருநாள் விடியற்காலையில் போனால் அவள் தோட்டத்தில் நிற்கிறாள். முந்தின நாள் மொட்டுப்புழுவுக்கு மருந்தடித்த செடி. பனியில் நனைந்த மொக்குகளைப் பறித்து மடியில் கட்டியிருந்தாள். அந்த ஈர மடி வயிற்றோடு ஒட்டிக் கிடந்தது. மருந்தடித்த சட்டையைத் துவைப்பதும், டேங்குக்குத் தண்ணீர் ஊற்றுவதும் அவள்தானாம்.

மருந்து தோல் வழியாகவும் ரத்தத்தில் சேரும். குளோர்பைரிபாஸ் போன்ற பூச்சிமருந்துகள் நஞ்சுக்கொடியைத் தாண்டிவிடும். தொப்புள்கொடி ரத்தத்திலும் குழந்தையின் முதல் மலத்திலும் பூச்சிமருந்தின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. குளோர்பைரிபாஸின் நஞ்சை முறிக்கிற பாரோக்சனேஸ் என்ற நொதி பச்சிளங்குழந்தைக்கு மிகக் குறைவு. ஆனால் குறைக்க முடிகிற ஆபத்து இது. அமெரிக்காவில் வீடுகளுக்குள் குளோர்பைரிபாஸ் அடிப்பதை 2001 வாக்கில் நிறுத்தியதும், நியூயார்க்கில் பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தில் அதன் அளவு வெகுவாகக் குறைந்தது.

ஆகவே இப்படிக் கேளுங்கள்: பூ எடுக்கப் போறியா? அடிச்சு எத்தனை நாளாச்சு? சட்டையை யார் துவைக்கிறது? மருந்து டப்பா வீட்டில் எங்கே இருக்கு?

ஐந்தாம் மாதத்தில் பேச ஆரம்பிப்பது

உறுப்புகள் முதல் மூன்று மாதத்திலேயே உருவாகிவிடும். புதுப்பெண்ணிடமே பேசிவிடுங்கள்.

காலி மருந்து டப்பாவில் தண்ணீர் பிடிப்பதைக் கண்டும் பேசாமல் வருவது

கூடவே கூடாது.

தாய்ப்பாலை நிறுத்தச் சொல்வது

டி.டி.டி. போன்ற பூச்சிமருந்துகள் உடல் கொழுப்பில் தங்கிப் பாலிலும் வரும் என்று படித்துவிட்டுச் சிலர் பயமுறுத்துகிறார்கள். தாய்ப்பாலின் நன்மை மிகப் பெரிது. கொடுக்கச் சொல்லுங்கள்.

அவளிடம் மட்டும் பேசிவிட்டு வருவது

பூவுக்குப் போகாதே என்றால் அன்றைய காசுக்கு அவள் எங்கே போவாள்? நான் அந்த ஏழாம் மாதத்துப் பெண்ணின் மாமியாரிடம் உட்கார்ந்து பேசினேன். அப்புறம் பிரசவம் வரைக்கும் பூவுக்கு மாமியார்தான் போனார், மடிக்குப் பதில் வாளியோடு. சட்டையை மகனே அலசிப் போட்டான்.